ஆபரேஷன் அறை வாசலில் ஒரு கடைவாய்ப்பல்

இளம் டாக்டர்களே, வயிறு பெருத்த ஒரு பெண் உள்ளே வந்தால் உங்கள் கண் முதலில் எங்கே போகிறது? போன வாரம் உங்கள் வெளிநோயாளிப் பிரிவின் மூலையில் உட்கார்ந்து கவனித்தேன். கழுத்துக்குத்தான் போகிறது. தாலி இருந்தால் சிரித்துக்கொண்டு "எத்தனை மாசம்?" என்று கேட்கிறீர்கள். இல்லாவிட்டால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறீர்கள். இரண்டுமே அவசரம். கழுத்தைப் பார்த்து வயிற்றுக்குள் இருப்பதைச் சொல்ல இன்னும் ஒருவரும் கற்றுக்கொள்ளவில்லை. நான் ஓய்வு பெற்றவள், எனக்கு அவசரமே கிடையாது. ஆகவே வரிசையாகச் சொல்கிறேன்.

சினைப்பையில் வரும் கட்டிகளை எல்லாரும் ஒரே பெயரில் நீர்க்கட்டி என்று சொல்லிவிடுகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை நோயே இல்லை. மாதாமாதம் முட்டையைச் சுமக்கும் சிறு பை ஒன்று சினைப்பையில் வளர்கிறது. அது குறித்த நாளில் வெடித்து முட்டையை வெளியே விட வேண்டும். சில மாதம் வெடிக்க மறந்துவிட்டுத் தண்ணீர் கோத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். சில மாதம் வெடித்தபின் வாயை மூடிக்கொண்டு உள்ளே ரத்தமோ நீரோ சேர்த்துக்கொள்ளும். இவ்விரண்டும் வாடகைக்கு வந்தவை. இரண்டு மூன்று மாதவிடாய் போனால் தாமே காலி செய்துவிடும்.

தியாகராய நகரில் ஓர் அம்மாளுக்கு இப்படி ஒன்று எலுமிச்சை அளவில் கைக்குத் தட்டுப்பட்டது. "இரண்டு தடவை தூரம் ஆன பிறகு வாருங்கள், கத்தி வேண்டாம்" என்று அனுப்பினேன். அவர் போகிற வழியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் போனார். கட்டி மறைந்தது. பெருமை முழுவதும் பிள்ளையாருக்குப் போயிற்று. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான் என்றாலும், பொறுத்திருக்கச் சொன்னதில் நாங்கள் இருவரும் ஒரே கட்சி என்று சமாதானம் செய்துகொண்டேன்.

வாடகைக்கு வராமல் சொந்த வீடு கட்டிக்கொள்ளும் கட்டிகள் வேறு. தெளிந்த நீர் நிறைந்தவை உண்டு. கஞ்சி போன்ற கொழகொழப்பு நிறைந்தவை உண்டு. பூசணிக்காய் அளவுக்கு வளர்பவை பெரும்பாலும் இந்தக் கஞ்சிக் கட்டிகள்தாம். கருப்பையின் உட்தோல் வழிதவறிச் சினைப்பையில் குடியேறி, மாதாமாதம் அங்கேயே ரத்தம் கசிந்து பழுப்பாகித் தேங்கி நிற்பது இன்னொரு வகை. அதில் வலி உயிரை வாங்கும். கடைசியாக டெர்மாய்டு. உங்களுக்கு நான் சொல்ல வந்தது அந்தக் கடைசி வகையைப் பற்றி.

நாற்பதுகளில், போர் முடிந்து ஒரு வருஷம் இருக்கும். மயிலாப்பூரில் எங்கள் மகளிர் ஆஸ்பத்திரி சிறியது. பஞ்சு முதல் மயக்கம் கொடுக்கும் ஈதர் வரை எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. ஒரு திங்கட்கிழமை காலை சாந்தோமிலிருந்து மூன்று பெண்கள் ஒரே ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார்கள். நடுவில் இருந்தவள் செசிலி. கிறிஸ்தவக் கோயிலின் பங்குப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஒல்லியான உடம்பு, அதில் ஆறு மாத வயிறு. ஒரு பக்கம் அவளுடைய அம்மா, முந்தானையை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தார். மறுபக்கம் சவரியம்மா. இவர் செசிலிக்கு உறவு இல்லை. செசிலியைக் கட்டிக்கொள்ள இருந்த பீட்டருக்கு அத்தை. தாய் தகப்பன் இல்லாத பீட்டரை வளர்த்தவர் அவர்தான்.

"டாக்டரம்மா, நீயே பாத்து சொல்லு. இது இன்னா வயிறு?" என்றார் சவரியம்மா, நான் நாற்காலியைக் காட்டுவதற்கு முன்பே.

விஷயம் இதுதான். கத்தோலிக்கர் வழக்கப்படி, கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், விக்கினம் எதுவும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்பார். முதல் ஓலை வாசித்தாயிற்று. அன்று செசிலி நற்கருணை அப்பம் வாங்க முன்னால் போனபோது பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்திருக்கிறது. சவரியம்மா பார்த்துவிட்டார். பூசை முடிந்ததும் சாமியாரிடம் போய்க் காதோடு சொல்லிவிட்டார். இரண்டாம் ஓலை நின்றது. பள்ளிக்கூடத்துத் தலைமைக் கன்னியாஸ்திரீ, விஷயம் தெளிவாகும் வரை லீவில் இருக்கச் சொல்லிவிட்டார். கல்யாணமும் வேலையும் ஒரே வயிற்றில் மாட்டிக்கொண்டு நின்றன.

செசிலியைத் தனியாகத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போனேன். நான் பயந்தது போல அவள் அழவில்லை.

"டாக்டர், என் வகுப்புப் பசங்க எனக்குப் பூசணி டீச்சர்னு பேரு வெச்சிட்டாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சது இந்த அத்தைக்குத் தெரியல பாருங்க."

மாதவிடாய் தவறவில்லை. குழலை வயிற்றில் வைத்துக் கேட்டேன், இன்னோர் இதயம் துடிக்கவில்லை. தட்டிப் பார்த்தேன், நடுவில் மந்தமாகவும் இரு விலாப்புறமும் கணகணவென்றும் ஒலித்தது. கையால் தள்ளினால், வாளித் தண்ணீரில் மிதக்கும் தேங்காய் மாதிரி அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வந்தது. கூசிற்றுப் போலும், செசிலி சிரித்துவிட்டாள். சினைப்பைக் கட்டி. சந்தேகமே இல்லை.

"அவ்வப்போது சுருக்கென்று வலிக்கிறதா?"

"ஆமா. கயிறு முறுக்கின மாதிரி."

அது எனக்குப் பிடிக்கவில்லை. இத்தகைய கட்டி ஒரு காம்பில் தொங்கும். காம்பு முறுக்கிக்கொண்டால் கல்யாணம், வேலை எல்லாம் இரண்டாம் பட்சம், உயிர் முதல் பட்சம். கல்யாணத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட முடியாது.

"நான் என்ன டாக்டர் தப்பாச் சாப்பிட்டேன்? பச்சரிசி தின்னதாலன்னு அம்மா சொல்றாங்க. தலைமுடியை முழுங்கியிருப்பேன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க."

"எதுவும் தின்று வருவதில்லை. நீ எதுவும் செய்யவில்லை."

வெளியே வந்து சொன்னேன். சவரியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"கட்டின்னு நீ சொல்ற. நாளைக்கு ஊரு கேட்டா நான் இன்னா சொல்றது?"

"எழுதித் தருகிறேன்."

"எழுத்த வெச்சிக்கினு இன்னா பண்றது? எனக்குப் படிக்கத் தெரியாது, கண்ணு தெரியும். வெளில எடுப்பீல்ல? எடுத்ததைக் காட்டு."

நான் வாய் திறப்பதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து செசிலியின் குரல் வந்தது. "காட்டுங்க டாக்டர். எனக்குச் சம்மதம். தட்டுல வெச்சு, மூடாம காட்டுங்க."

வெட்டியெடுத்ததை எனாமல் தட்டில் வைத்து ஆபரேஷன் அறை வாசலில் உறவினருக்குக் காட்டும் வழக்கம் நம் ஆஸ்பத்திரிகளில் அப்போதே உண்டு. நீங்களும் செய்கிறீர்கள். ஐந்து நொடி காட்டுவோம், அவர்கள் "ஐயோ" என்பார்கள், தட்டு உள்ளே போய்விடும். அதனால் யோசிக்காமல் "சரி, காட்டுகிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. கட்டி இடது பக்கத்தது. உரிக்காத தேங்காய் அளவு, வெண்மை, வழவழப்பு. காம்பு ஏற்கெனவே அரைச் சுற்றுச் சுற்றியிருந்தது. உள்ளே சிந்தாமல் முழுதாக எடுத்தேன். இந்தக் கட்டி சில பேருக்கு இரண்டு பக்கமும் இருக்கும் என்பதால் வலது சினைப்பையை வெளியே கொண்டுவந்து பார்த்தேன். பாதாம்பருப்பு போலச் சுத்தமாக இருந்தது. தையல் போட்டுக் கையுறையைக் கழற்றும்போது நர்ஸ் கமலம் கட்டியைத் தட்டில் எடுத்து வைத்தாள். வைத்தவள் நின்றுவிட்டாள்.

"டாக்டர், இது மாவு பிசைஞ்ச மாதிரி அமுங்குது. உள்ள கல்லு மாதிரி ஏதோ இடிக்குது."

நானும் தொட்டுப் பார்த்தேன். மெல்லிய சுவர் வழியாகக் கறுப்பாக ஏதோ சுருண்டு கிடப்பதும் தெரிந்தது. டெர்மாய்டு. அதற்குள் என்ன இருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். கொழுப்பு, முடி, பல்.

நானும் கமலமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வாசலில், இது பிள்ளைதான் என்று நம்பி வந்திருக்கும் சவரியம்மா நிற்கிறார். அவருக்கு முடியையும் பல்லையும் தட்டில் வைத்து நீட்ட வேண்டும்! எங்கள் முகமூடிக்குள்ளிருந்து ஒரே நேரத்தில் சிரிப்பு வெடித்தது. பயத்தில் வரும் சிரிப்பு அது, நிறுத்த முடியாது. ஈதர் கொடுத்துக்கொண்டிருந்த டாக்டர் எங்களுக்கும் மருந்து ஏறிவிட்டதா என்று பார்த்தார்.

"முழுசா அப்படியே காட்டிட்டு உள்ள கொண்டாந்துடலாம்," என்றாள் கமலம்.

"அந்த அம்மாள் உள்ளே என்ன என்று கேட்காமல் விடுவாரா?"

"அப்போ போன வாரத்துக் கஞ்சிக் கட்டி அலமாரியில ஃபார்மலின்ல கிடக்கு. அதைக் காட்டலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

சவரியம்மாவுக்குத் தெரியும். சாந்தோமில் தினம் மீன் வாங்குகிறவர். பழசையும் புதுசையும் மூக்காலேயே பிரித்துவிடுவார். அது கிடக்கட்டும். மாற்றிக் காட்டினால் நான் தப்பித்துக்கொள்வேன். செசிலி பிறகு ஆயுள் முழுக்க அடுத்தவள் கட்டியைத் தன் கட்டி என்று சொல்லிக்கொண்டு வாழ வேண்டும். காட்டாமல் விட்டால் மறைத்தார்கள் என்றாகும். காட்டி விளக்கம் சொன்னாலோ, சந்தேகத்தோடு நிற்பவர் காதில் டாக்டரின் விளக்கம் சப்பைக்கட்டாகத்தான் விழும். பின்னே வழி? அவர் எதைச் சந்தேகப்படுகிறாரோ அதில் அவரே கெட்டிக்காரர். பிள்ளைகளைப் பெற்றவர், வளர்த்தவர். அவரையே பார்க்கச் சொல்வோம். நான் கேள்வி மட்டும் கேட்பேன் என்று தீர்மானித்தேன்.

ஆபரேஷன் அறையை ஒட்டிய சிறு அறைக்குச் சவரியம்மாவை அழைத்துவரச் சொன்னேன். பின்னாலேயே பீட்டரும் வந்துவிட்டான். டிராம் கம்பெனியில் டைம் கீப்பர், நல்ல உயரம், நன்றாக இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை.

"நீ இன்னாத்துக்குடா?" என்றார் அத்தை.

"எனக்கும் தெரியணும் அத்தே. நான்தானே கட்டிக்கப்போறேன்."

தட்டிலிருந்த வெள்ளைப் பந்தை இருவரும் பார்த்தார்கள். அத்தை குனிந்து சுற்றிப் பார்த்தார்.

"பனங்காய் மாதிரி கீது. உள்ள இன்னா?"

"நீங்களே பாருங்கள். உங்கள் எதிரில் அறுக்கிறேன்."

கத்தியை வைத்தேன். உறைந்த நெய்போல மஞ்சள் கொழுப்பு வழிந்தது. அதன் நடுவிலிருந்து கறுப்பாக ஒரு முடிச்சுருள் மெல்ல எழுந்து வந்தது.

"மாதாவே! முடி!" என்று கத்தினார் சவரியம்மா. "பாத்தியாடா பீட்டரு? நான் சொன்னேன்ல? தலைடா அது, தலை!"

தடால் என்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பினால், பீட்டர் தரையில் நீளமாகக் கிடந்தான். இஸ்திரி மட்டும் கலையவில்லை.

"அவன வுடு, எழுந்துப்பான்," என்றார் அத்தை. கமலம் அவன் முகத்தில் தண்ணீர் தெளிக்கப் போனாள்.

செசிலியின் வாழ்க்கை அந்தக் கொழுப்பில் மிதந்துகொண்டிருந்தது. ஆனாலும் விளக்கம் சொல்லவில்லை. ஒரு குச்சியை அத்தை கையில் கொடுத்தேன்.

"தலை என்கிறீர்களே. கண் எங்கே? கை, கால்? தேடிப் பாருங்கள்."

சவரியம்மா மீனில் முள் பார்க்கும் பெண்ணின் கவனத்தோடு தேடினார். மூலை மூலையாகக் கிளறினார். கண் இல்லை. கை இல்லை. முகம் சுருங்கிற்று.

"முடியை இழுத்துப் பாருங்கள்."

இழுத்தார். வந்தது. இன்னும் வந்தது. முழங்கை நீளத்துக்கு வந்தது.

"பிறந்த பிள்ளைக்கு இவ்வளவு முடி பார்த்திருக்கிறீர்களா?"

"இல்லியே," என்றார் அத்தை. "இத்த வெச்சி சவுரி கட்டலாம் போல கீதே."

கமலம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த பல் ஒன்றை எடுத்துக் கழுவி, அத்தையின் உள்ளங்கையில் வைத்தேன்.

"இது என்ன பல்?"

சவரியம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாக்கால் தம் வாய்க்குள் துழாவிப் பார்த்துக்கொண்டார்.

"கடவாப்பல்லு."

"பிள்ளைகளுக்கு எப்போது முளைக்கும்?"

"இவனுக்கு" என்று தரையைக் காட்டினார், "புதுநன்மை, அதான் மொத தடவ நற்கருணை, வாங்குன வருசம் மொளச்சிது. ஆறு வயசோ ஏழோ. பல்லு நமநமன்னுதுன்னு நாக்குல வெச்ச அப்பத்தக் கடிச்சிட்டான். சாமியாரு காதத் திருகினாரு."

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். பல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பல்லைப் பார்த்தார். அவர் மனத்துக்குள் கணக்கு ஓடுவது முகத்தில் தெரிந்தது.

"ஏம்மா டாக்டரு. கடவாப்பல்லு வர வரைக்கும் எந்தப் புள்ள வயித்துல குந்திக்கினு இருக்கும்? ஆறு வருசத்துக்கு முன்னால இந்தப் பொண்ணு பாவாட கட்டிக்கினு என் வூட்டு வாசல்ல பாண்டி ஆடிக்கினு இருந்தா. இது புள்ள இல்ல."

"இல்லை," என்றேன்.

"சத்தியமா இல்ல!" என்று எனக்கே அடித்துச் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் விளக்கினேன். உடம்பின் எந்த உறுப்பையும் செய்யத் தெரிந்த அணுக்கள் சினைப்பையில் உண்டு. அவற்றில் ஒன்று, காரணம் எதுவுமில்லாமல், தானே விழித்துக்கொள்ளும். அதற்கு முழு ஆளைச் செய்யத் தெரியாது. சட்டை தைக்க உட்கார்ந்த தையற்காரன் பித்தான் மட்டும் வைத்துக்கொண்டே போவது போல, இங்கே கொஞ்சம் தோல், அங்கே கொஞ்சம் முடி, ஓரத்தில் ஒரு பல் என்று செய்துகொண்டிருக்கும். வருஷக்கணக்காக மெதுவாக வளரும். சின்னப் பெண்களுக்கும் வரும், கன்னிகளுக்கும் வரும்.

"அப்போ இதுக்கு ஆம்பளயே தேவையில்லையா?"

"தேவையில்லை."

சவரியம்மா தரையில் கண் விழித்துக்கொண்டிருந்த பீட்டரைக் குனிந்து பார்த்தார். "பாத்தா ஒண்ணுக்குமே தேவையில்ல போல கீது. எழுந்திருடா. ஒனக்குப் பொண்டாட்டி பொழச்சிக்கினா."

இப்போது கமலத்தால் அடக்க முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. கடைசியில் அத்தையும் சேர்ந்துகொண்டார். தரையில் உட்கார்ந்திருந்த பீட்டருக்கு எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியவில்லை, ஆனாலும் சிரித்தான்.

நோயாளியின் ரகசியம் நம் வாயிலிருந்து வெளியே போகக் கூடாது. போகவும் இல்லை. அதற்கு அவசியமே இல்லாமல் போயிற்று. சவரியம்மா அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டார். காதோடு சொல்லி நிறுத்திய கல்யாணத்தை அவர் இப்போது வாய் நிறையச் சொல்லி நடத்த ஆரம்பித்தார். கட்டியில் இருந்த பற்கள் மூன்று. நானே எண்ணினேன். கச்சேரி ரோடு சேர்வதற்குள் அவை ஒரு வரிசையாகிவிட்டன. லஸ் டிராம் நிறுத்தத்தில் முப்பத்திரண்டும் இருந்தன. பனகல் பார்க் பக்கம் போனபோது அவற்றில் ஒன்று தங்கப்பல். அடையாற்றிலிருந்து வந்த ஒரு நோயாளி, அந்தக் கட்டி டாக்டரம்மாவைப் பார்த்துச் சிரித்தது உண்மைதானா என்று என்னிடமே கேட்டாள். நான் திருத்தப் போகவில்லை. பல் எத்தனை கூடினாலும் பிள்ளை குறைந்துகொண்டே வந்தது. எனக்கு அது போதும். செசிலி வார்டில் படுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டுத் தன் பங்குக்கு, "ஞானப்பல் ஒண்ணாவது மிச்சம் வெச்சீங்களா டாக்டர்?" என்றாள்.

அவள் எழுந்து நடமாடத் தொடங்கியதும் இரண்டாம் ஓலை வாசித்தார்கள். மூன்றாம் ஓலைக்குச் செசிலியே கோயிலுக்கு வந்தாள். புதுத்தையல் என்பதால் கூடவே நானும் போனேன். பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் அவளை நடுவில் வைத்து, அவள் அம்மாவும் நானும் உட்கார்ந்தோம். தலைமைக் கன்னியாஸ்திரீ திரும்பிப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். திங்கட்கிழமை மூன்றாம் வகுப்பு காத்திருக்கும் என்று அதற்கு அர்த்தம்.

சாமியார் இரண்டு பெயர்களையும் வாசித்தார். விக்கினம் அறிந்தவர்கள் அறிவிக்கலாம் என்றார். வழக்கமாக அந்த இடத்தில் ஒரு குழந்தை இருமும், அவ்வளவுதான்.

அன்று பெஞ்சு கிறீச்சிட்டது. சவரியம்மா எழுந்து நின்றார்.

கோயில் முழுவதும் அவர் பக்கம் திரும்பிற்று. செசிலியின் விரல்கள் என் மணிக்கட்டில் புதைந்தன. ஆண்கள் பக்கத்தில் பீட்டர் மறுபடி விழுந்துவிடுவானோ என்று பயந்தேன். சவரியம்மா முன்னால் ஒரு வரிசையைப் பார்த்தார். திரும்பி நடு வரிசைகளைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு முகமாக, நிதானமாக, கடைசி வரைக்கும் பார்த்தார். ஒருவரும் இருமக்கூட இல்லை.

"என்ன சவரியம்மா?" என்றார் சாமியார், மெல்லிய குரலில்.

"ஒண்ணுமில்ல சாமி. எவளாவது வாயத் தொறக்கறாளான்னு பாத்துக்கினு கீறேன். நீங்க மேல படிங்க."

செசிலி இரண்டு கையாலும் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நான் தடுக்கவில்லை. தையல் நன்றாகத்தான் போட்டிருந்தேன்.